மிச்சமாகும் நேரம் யாருக்கு?

கொச்சிக்கு வடகிழக்கே உள்ள களமசேரி, கேரளத்தின் பழைய தொழில் நகரங்களுள் ஒன்று. பக்கத்து ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை, ஊருக்குள் எச்.எம்.டி. பொதுத்துறை ஆலை, டயர் தொழிற்சாலை, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கூட்டுறவுத் துறையில் தோன்றி, 2013ஆம் ஆண்டின் இறுதியில் மாநில அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவக் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. அதன் வளாகத்தில் கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கு 2014இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 2016இல் மையம் செயல்படத் தொடங்கியது.

இந்த மையம் தானாக வந்துவிடவில்லை. தெற்கே திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம், வடக்கே தலச்சேரியில் மலபார் புற்றுநோய் மையம். இடைப்பட்ட மத்திய கேரளத்தின் ஏழைகளுக்கு நெடும்பயணம் அல்லது தனியார் மருத்துவமனை என்பதே நிலையாக இருந்தது. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றவரும் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவருமான வி.ஆர்.கிருஷ்ணய்யர், தமது தள்ளாத வயதிலும் கொச்சிக்கு ஒரு பொதுப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டுமென்று விடாமல் குரல் கொடுத்தார். அவரைச் சுற்றி ஒரு மக்கள் இயக்கமே உருவாயிற்று. கட்டுமானமும் எளிதில் நடந்தேறவில்லை. 2019 நவம்பரில் கட்டடத்தின் ஒரு பகுதி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. நிதியளித்த கிஃப்பி நிறுவனத்தின் கடனை மாநில அரசின் கடன் வரம்புக்குள் சேர்த்து, ஒன்றிய அரசு கேரளத்தின் கழுத்தை நெரித்தது.

ஒரு பொது மருத்துவமனையின் சுவர் எழும்புவதற்கே இத்தனை போராட்டம் தேவைப்படுகிறது. சுவரில் விரிசல் விழுந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மருத்துவமனைக்குள் நுழையும் மென்பொருளில் விரிசல் இருந்தால் அது யார் கண்ணுக்கும் எளிதில் தெரிவதில்லை. புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையில் இதுகாறும் மருத்துவரின் கை செய்துவந்த ஒரு வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் செய்யத் தொடங்கியிருக்கிறது. களமசேரி போன்ற பொது மருத்துவமனைகள் அதை எந்த நிபந்தனைகளோடு ஏற்பது என்பது, மருத்துவர்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் இடையிலான தனி விவகாரம் அல்ல. உழைக்கும் மக்களின் இயக்கம் தெளிவான நிலை எடுக்கவேண்டிய கேள்வி அது.

எல்லை வரையும் வேலை

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் சிறு சுரப்பி. வயது ஏற ஏற அதில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் ஏறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். முதியோர் மிகுந்த மாநிலத்தில் இந்த நோயும் மிகுவது இயல்பு.

கதிர்வீச்சு இந்நோய்க்கான முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று. லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் கருவி உயர் ஆற்றல் கதிர்களைப் பல கோணங்களிலிருந்து சுரப்பியின்மீது குவிக்கிறது. எங்கே குவிப்பது, எதை விலக்குவது என்பதைக் கருவி தானாக அறியாது. அதை முன்கூட்டியே வரைந்து கொடுக்கவேண்டும். நோயாளியின் இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் துண்டு துண்டாகப் படமெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் சுரப்பியின் விளிம்பை மருத்துவர் திரையில் கோடாக வரைகிறார். சிறுநீர்ப்பை, மலக்குடல், இரு தொடையெலும்புகளின் தலைப்பகுதி ஆகியவற்றின் விளிம்புகளும் அவ்வாறே வரையப்படுகின்றன. சிகிச்சை நாட்களில் உறுப்புகள் சற்று நகரக்கூடும் என்பதால், சுரப்பியின் கோட்டைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அகலத்தில் பாதுகாப்பு விளிம்பும் சேர்க்கப்படுகிறது. இந்தக் கோடுகளை வைத்துத்தான் மருத்துவ இயற்பியலாளர் கதிரின் அளவையும் கோணங்களையும் கணக்கிடுகிறார்.

ஆகவே சிகிச்சை முழுவதும் அந்தக் கோட்டின்மீது நிற்கிறது. கோடு உள்ளே தள்ளிப் போனால் நோயின் ஒரு பகுதி கதிர் படாமல் தப்பிவிடும். பின்னால் தள்ளிப் போனால் மலக்குடல் புண்ணாகி மாதக்கணக்கில் இரத்தம் கசியும். மேலே போனால் சிறுநீர்ப்பை பாதிக்கப்படும். எழுபது வயதுக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு இவை வெறும் பக்கவிளைவுகள் அல்ல. வேலைத்தளத்தில் கழிப்பிடம் இல்லாத மனிதரின் பிழைப்பையே முடித்துவைக்கக்கூடியவை.

இந்தக் கோட்டை வரைவதும் எளிதன்று. சி.டி. படத்தில் சுரப்பிக்கும் சுற்றியுள்ள தசைக்கும் நிற வேறுபாடு மிகக் குறைவு. குறிப்பாகச் சுரப்பியின் கீழ்முனை எங்கே முடிகிறது என்பதில் அனுபவமிக்க மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். சி.டி.யை மட்டும் பார்த்து வரையும்போது, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதைவிடச் சுரப்பி கணிசமாகப் பெரிதாக வரையப்படுகிறது என்பது 1990களிலிருந்தே ஆய்வுகளில் பதிவான செய்தி. ஒரு நோயாளிக்கு எல்லைகளை முறையாக வரைந்து முடிக்க நெடுநேரம் பிடிக்கிறது. கழுத்து, தலை போன்ற சிக்கலான இடங்களுக்கு இன்னும் அதிகம்.

இந்த வேலையைத்தான் மென்பொருள் சில நிமிடங்களில் செய்துகாட்டுகிறது. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் படங்களையும், அவற்றின்மீது மருத்துவர்கள் முன்னர் வரைந்த கோடுகளையும் கணினிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். பழகிய கணினி புதிய நோயாளியின் படத்தில் தானே கோடு வரைகிறது. மருத்துவர் அதைப் பார்த்துத் திருத்தி ஒப்புதல் தருகிறார்.

எதிர்ப்பதா, ஏற்பதா?

இடதுசாரிகள் எந்த இயந்திரத்தையும் எதிர்ப்பவர்கள் என்பது பழைய ஏளனம். 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவின் இலாக்கோ கட்டடத்துக்குள் கணினி நுழையாதபடி எல்.ஐ.சி. ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றதை இன்றுவரை சொல்லிக்காட்டுவோர் உண்டு. அந்த ஊழியர்கள் கணினி என்ற பொருளை வெறுத்தவர்கள் அல்லர். வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில், ஊழியரைக் கலந்துகொள்ளாமல், ஆட்குறைப்புக்கு எந்த உத்தரவாதமும் தராமல் இயந்திரத்தைத் திணித்ததையே அவர்கள் எதிர்த்தார்கள். இயந்திரம் யார் கையில், எந்த நோக்கத்துக்கு என்ற கேள்வியே அன்று எழுந்தது. இன்றும் அதுவே கேள்வி. ஆனால் சூழல் வேறு.

கதிர்வீச்சுத் துறையில் இன்று ஆள் மிகை இல்லை. கடும் பற்றாக்குறை இருக்கிறது. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. பத்து லட்சம் மக்களுக்கு ஒரு சிகிச்சைக் கருவியாவது வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவுகோலை வைத்தாலும் இந்தியாவுக்கு 1,400 கருவிகள் தேவை. இருப்பவை அதைவிட மிகக் குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பகுதி பெருநகரங்களிலும் தனியார் கையிலும் உள்ளது. மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் தொழில்நுட்பர்களும் அவ்வாறே. அரசு மருத்துவமனையில் வரிசை நீள்கிறது. வரிசையில் நிற்கும் நேரத்தில் நோய் நிற்பதில்லை.

பொதுச் சுகாதாரத்துக்கு உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதத்தை 2025க்குள் எட்டுவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22 கணக்கின்படி அரசுகளின் மொத்தச் செலவு 1.84 சதவீதம். பற்றாக்குறையின் வேர் அங்கே இருக்கிறது. அந்த வேரை மென்பொருளால் அறுக்க முடியாது. ஆயினும் இன்று வரிசையில் நிற்கும் நோயாளிக்கு, மருத்துவரின் ஒரு மணி நேரத்தை மீட்டுத் தரும் கருவியைக் கொள்கையின் பேரால் மறுப்பது இடதுசாரி நிலைப்பாடு ஆகாது. ஏற்பதா என்ற கேள்விக்கு விடை, ஆம் என்பதே. எப்படி என்ற கேள்வியில்தான் போராட்டம் தொடங்குகிறது.

சோதனைகள் சொல்வது

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணிக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, 2023 செப்டம்பரில் இத்தகைய ஒன்பது மென்பொருட்களை மேலும் சான்றுகள் திரட்டிக்கொண்டே பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. மென்பொருள் வரைந்த ஒவ்வொரு எல்லையையும் தகுதிபெற்ற மருத்துவப் பணியாளர் சரிபார்த்தே ஆகவேண்டும் என்பது அதன் நிபந்தனை. மிச்சமாகும் நேரம் உறுப்புக்கு உறுப்பு பெரிதும் மாறுபடும் என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. பணக்கார நாட்டின் பொது மருத்துவத் துறையே இவ்வளவு எச்சரிக்கையோடு நடக்கிறது.

இந்தியா நேரடியாகப் பங்குபெற்ற ஆய்வும் ஒன்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒருங்கிணைப்பில் இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஜோர்டான், மலேசியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆர்ச்சரி ஆய்வு அது. கருப்பைவாய், தலை-கழுத்து, புராஸ்டேட் ஆகிய மூவகைப் புற்றுநோய்களுக்கும் எல்லை வரைதல் முதல் சிகிச்சைத் திட்டம் வரை மென்பொருளே செய்தால் அது ஏற்கத்தக்கதாக இருக்குமா என்பதை அது சோதித்தது. கருப்பைவாயிலும் புராஸ்டேட்டிலும் பெரும்பான்மையான திட்டங்கள் தேறின. தலை-கழுத்துப் பகுதியில் அந்த வெற்றி கிட்டவில்லை. இந்தியாவில் புகையிலையால் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகும் உழைப்பாளிகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், மென்பொருள் தடுமாறும் இடம் எது என்பதன் பொருள் விளங்கும்.

புராஸ்டேட்டில் தேறியது என்பதற்கும் வரம்பு உண்டு. இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்தப்பட்டவர், சுரப்பியில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், நோய் முற்றிச் சுரப்பியின் எல்லையைத் தாண்டிய பிறகு வந்தவர், மலக்குடலில் வாயு நிறைந்திருப்பவர் ஆகியோரின் படங்கள் கணினி பழகிய படங்களைப் போல இருப்பதில்லை. முன்கூட்டியே பரிசோதனைக்கு வர வசதியுள்ள நாட்டின் நோயாளிகளைக் கொண்டு பழகிய மென்பொருள், நோய் முற்றிய பிறகே மருத்துவமனையின் படியேறும் வாத்துருத்தி குடியிருப்பின் தமிழ்த் தொழிலாளியையும், பெரும்பாவூர் மர ஆலைகளின் அசாம் தொழிலாளியையும் எப்படி வரையும்? இதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. அயல்நாட்டில் கிடைத்த சான்றிதழ் இந்தச் சோதனைக்கு மாற்றாகாது.

கையெழுத்தும் கூண்டும்

மருத்துவர்தான் இறுதியில் பார்த்து ஒப்புதல் தருகிறாரே, பிறகு என்ன அச்சம் என்று விற்பனையாளர்கள் கேட்பார்கள். கதிர்வீச்சு சிகிச்சையின் வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது.

1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் தெராக்-25 என்னும் கதிர்வீச்சுக் கருவி, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளின்மீது அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது. சிலர் இறந்தனர். காரணம் மென்பொருளில் இருந்த பிழை. முந்தைய கருவிகளில் ஆபத்தைத் தடுக்க இருந்த இயந்திரப் பூட்டுகளை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள். திரையில் ஏதோ ஓர் எண்ணோடு பிழைச் செய்தி தோன்றும். அதன் பொருள் இயக்குபவருக்குச் சொல்லப்படவில்லை. இத்தகைய செய்திகள் நாளுக்குப் பலமுறை வந்ததால், ஒரு விசையை அழுத்தி மேலே செல்வது வழக்கமாகிவிட்டது. அளவு மீறிய கதிர் பாய வாய்ப்பே இல்லை என்று நிறுவனம் தொடக்கத்தில் சாதித்தது.

பனாமாவில் நடந்தது இன்னும் கசப்பானது. அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் மருத்துவமனையில் 2000-2001இல் 28 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர் பெற்றனர். எல்லோரும் இடுப்புப் பகுதியில் சிகிச்சை பெற்றவர்கள். புராஸ்டேட் நோயாளிகளும் அவர்களுள் இருந்தனர். உறுப்புகளைக் காக்கும் தடுப்புக் கட்டைகளின் விவரத்தை இயற்பியலாளர்கள் மென்பொருளுக்குள் வேறொரு விதமாக உள்ளிட்டனர். மென்பொருள் எச்சரிக்கை ஏதும் தராமல் அதை ஏற்றுத் தவறான விடையைக் கொடுத்தது. பன்னாட்டு அணுசக்தி முகமை நேரில் ஆராய்ந்து 2001இல் அறிக்கை தந்தது. 2004இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது மருத்துவமனையின் இரண்டு இயற்பியலாளர்களுக்கு. மென்பொருளை எழுதி விற்றவர்கள் அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

செயற்கை நுண்ணறிவுக்கு இந்தப் பாடம் முழுமையாகப் பொருந்தும். இயந்திரம் வரைகிறது, மனிதர் கையெழுத்திடுகிறார். இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாக வரையும்போது, மனிதரின் கண் தளர்ந்துவிடும். நாளுக்கு நான்கு நோயாளிகளுக்குக் கோடு வரைந்தவரிடம், வரையும் வேலை போய்விட்டதே, பதினைந்து பேரைப் பாருங்கள் என்று நிர்வாகம் சொன்னால், அவர் பார்ப்பது எல்லையை அன்று, ஒப்புதல் பொத்தானைத்தான். பிழை நேர்ந்தால் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்து நிறுவனத்தைக் காக்கும். கையெழுத்திட்ட மருத்துவரும் இயற்பியலாளரும் கூண்டில் நிற்பார்கள். சரிபார்க்கும் பொறுப்பைத் தந்து, சரிபார்க்கும் நேரத்தைப் பறிப்பது மோசடி.

இன்னோர் இழப்பும் உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர் ஆயிரக்கணக்கான துண்டுகளில் கோடு வரைந்துதான் எல்லையைக் காணும் கண்ணைப் பெறுகிறார். முதல் நாளிலிருந்தே இயந்திரத்தின் கோட்டைப் பார்த்து வளர்பவருக்கு, அது தவறும்போது தவறு என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? அரசு மருத்துவக் கல்லூரிகள் நாளைய மருத்துவர்களை உருவாக்கும் இடங்கள். அங்கே கையால் வரையும் பயிற்சி கைவிடப்படக் கூடாது.

மில் எழுப்பிய ஐயம்

மூலதனம் நூலின் முதல் தொகுதியில் இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தை, ஜான் ஸ்டூவர்ட் மில் எழுப்பிய ஓர் ஐயத்தோடு மார்க்ஸ் தொடங்குகிறார். புதிய இயந்திரங்கள் எவருடைய அன்றாடப் பாட்டையேனும் குறைத்தனவா என்பதே அந்த ஐயம். உழைப்பாளியின் பாட்டைக் குறைப்பது மூலதனம் இயந்திரத்தைப் புகுத்துவதன் நோக்கமே அன்று என்பது மார்க்சின் விடை. மிச்சமாகும் நேரம் உழைப்பாளியிடம் சேர்வதில்லை. அது உபரியாக முதலாளியிடம் சேர்கிறது.

தனியார் மருத்துவமனையில் இது எவ்வாறு நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. காப்பீட்டுத் திட்டங்கள் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்பாகப் பணம் தருகின்றன. ஒரு நோயாளிக்கான நேரம் குறைந்தால் அதே தொகையில் இலாபம் கூடுகிறது. கட்டணம் குறையப் போவதில்லை. மாறாக, செயற்கை நுண்ணறிவு என்ற பெயரால் கூடவும் கூடும். இயற்பியலாளர் பணியிடம் ஒன்று காலியானால் நிரப்பப்படாமலே போகும்.

பொது மருத்துவமனையில் மிச்சமாகும் நேரம் வேறு வழியில் செல்ல முடியும். புராஸ்டேட் நோயாளிக்கு முன்பெல்லாம் ஏழெட்டு வாரம், நாள்தோறும் கதிர்வீச்சு தரப்பட்டது. 37 நாட்களில் 74 கிரே அளவு கொடுப்பதற்குப் பதிலாக 20 நாட்களில் 60 கிரே கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்பதை, இங்கிலாந்தை மையமாகக் கொண்டு நடந்து 2016இல் வெளியான பெரும் ஆய்வு நிறுவியது. நோய் முற்றாதவர்களுக்கு ஐந்தே முறை போதும் என்று 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நாற்பது நாள் கூலியை இழப்பவருக்கும் ஐந்து நாள் கூலியை இழப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை உழைக்கும் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் நாட்கள் குறையக் குறைய ஒவ்வொரு நாளின் கதிர் அளவும் கூடுகிறது. கோட்டின் துல்லியம் அந்த அளவுக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, மலக்குடல் காலியாக இருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். நோயாளியிடம், அவருக்குத் தெரிந்த மொழியில், எவ்வளவு தண்ணீர் குடித்துவிட்டு எத்தனை நிமிடம் காத்திருக்கவேண்டும் என்று பொறுமையாக விளக்கவேண்டும்.

இயந்திரம் மீட்டுத்தரும் நேரம் செல்லவேண்டிய இடம் இதுவே. வரையும் நேரம் பார்க்கும் நேரமாக மாறட்டும்; திரைக்குக் கொடுத்த நேரம் நோயாளிக்குக் கிடைக்கட்டும். பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்கும் கணக்குக்கு அந்த நேரம் எழுதப்பட்டால், இயந்திரம் மக்களுக்கு வந்ததாகப் பொருளில்லை.

கோடுகள் யாருடைய சொத்து?

மென்பொருளுக்கு அறிவு எங்கிருந்து வந்தது? மருத்துவர்கள் வரைந்த கோடுகளிலிருந்து, நோயாளிகளின் உடலிலிருந்து. பொது மருத்துவமனையில் மக்களின் வரிப்பணத்தில் எடுத்த படமும், அதன்மீது அரசு மருத்துவர் இரவில் கண்விழித்து வரைந்த கோடும் சேர்ந்தே இந்தத் துறையின் கச்சாப்பொருள் ஆகின்றன. அதைப் பெற்றுச்சென்று மென்பொருளாக்கி, அதே மருத்துவமனைக்கு ஆண்டுச் சந்தாவுக்கு விற்பது, பருத்தியைக் கொண்டுபோய்த் துணியாகத் திருப்பி விற்ற பழைய வணிகத்தின் மறுபிறப்பு.

லீனியர் ஆக்சிலரேட்டர் சந்தையில் உலகளவில் இரண்டே நிறுவனங்கள் கோலோச்சுகின்றன. அவற்றுள் ஒன்றான வேரியனை 1,640 கோடி டாலருக்கு சீமன்ஸ் ஹெல்தினியர்ஸ் 2021இல் விழுங்கியது. படமெடுக்கும் கருவி, வரையும் மென்பொருள், கதிர் பாய்ச்சும் கருவி மூன்றும் ஒரே கையில் சேர்கின்றன. ஒன்றை வாங்கினால் மற்றவற்றையும் வாங்கியாகவேண்டிய நிலை இப்படித்தான் உருவாகிறது.

தரவைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய அனுபவங்கள் உண்டு. லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை நிர்வாகம் சுமார் 16 லட்சம் நோயாளிகளின் விவரங்களை கூகுளுக்குச் சொந்தமான டீப்மைண்டுக்கு வழங்கியது சட்டத்துக்கு முரணானது என்று, அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2017இல் அறிவித்தார். கேரளத்துக்கும் இதில் சொந்தப் பாடம் இருக்கிறது. 2020இல் கொரோனா காலத்தில் ஸ்பிரிங்ளர் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டில், அடையாளங்களை நீக்கிய பிறகே தரவை அளிக்கவேண்டும், மக்களின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் ஏப்ரலில் இடைக்கால உத்தரவிட்டது. தரவு பின்னர் அரசு நிறுவனமான சி-டிட்டின் பொறுப்புக்கு வந்தது. அவசரத்தில் செய்ததாயினும், அன்று இடதுசாரி அரசு ஆண்ட மாநிலத்தில் இந்த நிபந்தனைகளை நீதிமன்றம் சொல்லும்படி விட்டிருக்கக் கூடாது. அடுத்த முறை அவை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே இருக்கவேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. மருத்துவப் படங்களில் எல்லை காணும் வழிமுறைகளுள் பெரிதும் பயன்படும் ஒன்றை, ஹைடெல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையம் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டிருக்கிறது. பள்ளிகள் அனைத்திலும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்து காட்டிய மாநிலம் கேரளம். திருவனந்தபுரத்தின் சி-டாக் நிறுவனமும் மண்டலப் புற்றுநோய் மையமும் இணைந்து, கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் செர்விஸ்கேன் கருவியைப் பொதுத்துறையிலேயே உருவாக்கியிருக்கின்றன. ஒன்றிய அரசின் சமீர் ஆய்வு நிறுவனம் லீனியர் ஆக்சிலரேட்டரையே உள்நாட்டில் வடிவமைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையத்தை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியபோது, இது நம்மால் ஆகுமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள்.

கேட்கவேண்டியவை

களமசேரிக்கும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கும், நாட்டின் எல்லாப் பொது மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் கோரிக்கைகளாக இவற்றைத் தொகுக்கலாம்.

முதலாவது, எந்த மென்பொருளும் அந்தந்த மருத்துவமனையின் சொந்த நோயாளிகளின் பழைய படங்களில் சோதிக்கப்பட்ட பிறகே நடைமுறைக்கு வரவேண்டும்; எங்கே தவறுகிறது என்ற பதிவு தொடர்ந்து பேணப்படவேண்டும்.

இரண்டாவது, ஒரு திட்டத்தைச் சரிபார்க்கக் குறைந்தபட்ச நேரம் பணிவிதியாகவே வரையறுக்கப்படவேண்டும். இயந்திரத்தின் கோட்டை நிராகரித்துக் கையால் வரையும் உரிமை மருத்துவருக்கும் இயற்பியலாளருக்கும் இருக்கவேண்டும். அதற்காக அவர்கள் வேகக் குறைவுக்கு விளக்கம் கேட்கப்படக் கூடாது.

மூன்றாவது, மென்பொருளின் பிழைக்கு நிறுவனம் சட்டப்படி பொறுப்பேற்கவேண்டும். 2020 முதல் மருத்துவ மென்பொருளும் மருத்துவச் சாதனங்களுக்கான விதிகளுக்குள் வந்துவிட்டது. அந்த விதிகளின் சுமை கையெழுத்திடும் ஊழியர்மீது மட்டும் விழக் கூடாது.

நான்காவது, மென்பொருள் வந்ததைக் காரணம் காட்டி ஒரு பணியிடமும் ஒழிக்கப்படக் கூடாது. காலியிடங்கள் நிரப்பப்படவேண்டும்.

ஐந்தாவது, நோயாளிகளின் படங்களும் அவற்றின்மீது வரைந்த கோடுகளும் பொதுச் சொத்தாகவே இருக்கவேண்டும். மாநிலங்களின் புற்றுநோய் மையங்கள் கூடி, நோயாளிகளின் ஒப்புதலோடும் அடையாள நீக்கத்தோடும் பொதுத் தரவகம் ஒன்றை அமைக்கவேண்டும். அதிலிருந்து பொது மென்பொருள் உருவாகவேண்டும்.

களமசேரி எச்.எம்.டி. ஆலையில் ஒரு காலத்தில் கடைசல் இயந்திரங்களைப் பொதுத்துறைத் தொழிலாளர்கள் செய்தார்கள். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்கள் மக்களின் உடைமையாக இருக்கவேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் அரசியல். அதே ஊரில் இன்று ஒரு முதியவர், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் கதிர்வீச்சு அறையின் வாசலில் காத்திருக்கக்கூடும். அவருக்காக வரைந்த கோட்டை ஒரு மனிதர் நிதானமாகப் பார்த்தாரா என்பது அவருக்குத் தெரியாது. அவர் சார்பில் அதைக் கேட்கும் கடமை இயக்கத்தினுடையது.